சிக்கு எடுப்பது நுனியிலிருந்து

கேள்வியைச் சுருக்கி முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கிடங்கில் ஷிப்ட் மேற்பார்வையாளராக இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பதினான்கு பேருக்கு வாராவாரம் பணிநேரப் பட்டியல் போடுகிறேன். ஒரு வாரம்கூடப் போட்டபடி நிற்பதில்லை. கல்யாணமாகி ஒன்றரை ஆண்டாகிறது, ஈசூனில் அம்மாவுடன் இருக்கிறோம். தெங்காவில் வாங்கிய பிடிஓ வீட்டுக்கு (கட்டுவதற்கு முன்பே பதிந்து வாங்கும் அரசு வீடு) அடுத்த ஆண்டு சாவி கிடைக்கும். உள்வேலைகளை எப்படிச் செய்வது என்று நானும் மனைவியும் தினமும் பேசுகிறோம், ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், முழங்கால் வலி, மூன்று இடங்களில் மருத்துவம். எதைத் தொட்டாலும் இன்னொன்று இழுக்கிறது. சிலருக்கு மட்டும் எவ்வளவு பெரிய சிக்கலும் சின்னதாகத் தெரிகிறதே, அது பிறவிக் குணமா, பழகினால் வருமா?"

பழகினால் வரும் தம்பி. நானே அதற்குச் சாட்சி. முப்பது ஆண்டுகளாகக் கட்டடப் பராமரிப்பில் இருக்கிறேன். லிப்ட் வேலைக்கு எடுபிடியாகச் சேர்ந்து, மின்சாரம் கற்று, இப்போது இரண்டு கட்டடங்களைப் பார்த்துக்கொள்கிறேன். படித்த காலத்தில் கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியவன். ஆனாலும் கோளாறு கண்டுபிடிப்பதில் கை தேர்ந்தவன் என்று பெயர் வாங்கிவிட்டேன். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது மூளை இல்லை, இரண்டு மூன்று பழக்கங்கள்தான்.

உங்கள் கேள்வியில் "சிக்கல்" என்ற சொல் வருகிறது. நாம் தினமும் சொல்லிச் சொல்லி அதன் பொருளை மறந்துவிட்டோம். சிக்கு என்றால் நூலிலோ முடியிலோ விழும் பின்னல். என் அக்காவுக்கு இடுப்புவரை முடி. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகு பாட்டி அவளை முன்னால் உட்காரவைத்துச் சிக்கு எடுப்பார். நான் ஒருமுறை உதவி செய்கிறேன் என்று சீப்பை உச்சந்தலையில் வைத்து ஓர் இழு இழுத்தேன். அக்காவின் அலறல் தெருமுனைவரை கேட்டது. பாட்டி சீப்பைப் பிடுங்கி, முடியின் நுனியில் நான்கு விரல் அளவைப் பிடித்து, அதை மட்டும் சீவினார். பிறகு இன்னும் நான்கு விரல் மேலே. மேலேயிருந்து இழுத்தால் வழியில் இருக்கும் சிறு சிக்குகள் எல்லாம் கீழே திரண்டு ஒரே முடிச்சாகிவிடும். நுனியிலிருந்து வந்தால் ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறு சிக்குதான்.

நீங்கள் இப்போது உச்சந்தலையில் சீப்பை வைத்து இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது என் ஊகம். எப்படி என்பதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் ஒரு சம்பவம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் இரவு, நல்ல மழை. எங்கள் புளோக்கில் இரண்டு மாடி கீழே இருக்கும் அக்கா கதவைத் தட்டினார். வீடு முழுவதும் இருட்டு. டிபி பெட்டியில், அதாவது வீட்டு மின்விசைகள் எல்லாம் இருக்கும் பெட்டியில், பெரிய விசையைத் தூக்கினால் உடனே விழுந்துவிடுகிறதாம். அந்தப் பெரிய விசைதான் ஆர்சிசிபி. மின்சாரம் போகவேண்டிய வழியில் போகாமல் வேறெங்கோ கசிந்தால் கண்டுபிடித்து வெட்டிவிடும். வீடுகளில் இருப்பது 30 மில்லியாம்பியர் கசிவுக்குள் வெட்டும் வகை. சிங்கப்பூரில் 1985 ஜூலைக்குப் பிறகு கட்டிய வீடுகளில் அது கட்டாயம். பழைய வீடுகளுக்கும் 2023 ஜூலையில் கட்டாயமாக்கி, பொருத்திக்கொள்ள இரண்டு ஆண்டு அவகாசம் தந்தார்கள்.

நான் போவதற்குள் அங்கே ஒரு மாநாடே நடந்துகொண்டிருந்தது. மாமா சொல்கிறார், போன மாதம் மாட்டிய குளிர்சாதனம்தான் காரணம், அப்போதே அந்த ஆளைச் சந்தேகப்பட்டேன் என்று. மகன், மழைத் தண்ணீர் சுவரில் இறங்கியிருக்கும் என்கிறான். அக்காவுக்குக் குளியலறை வெந்நீர்க் கருவிமேல் சந்தேகம். மூன்று பேருக்கும் மூன்று கதை, மூன்றும் கேட்க நன்றாகவே இருந்தன. குளிர்சாதனக்காரருக்குத் தொலைபேசியில் ஒரு திட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது.

நான் செய்தது இவ்வளவுதான். பெட்டியில் இருக்கும் சிறு விசைகள் எல்லாவற்றையும் கீழே இறக்கினேன். பெரிய விசையைத் தூக்கினேன், நின்றது. பிறகு சிறு விசைகளை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். விளக்குகள், நின்றது. குளிர்சாதனம், நின்றது. மாமாவின் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம். வெந்நீர், நின்றது. சமையலறைப் பிளக்குகள், "டப்" என்று பெரிய விசை விழுந்தது. சமையலறைக்குப் போய் எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு, விசைகளைத் திரும்பத் தூக்கி, ஒவ்வொன்றாகச் செருகச் சொன்னேன். குளிர்பதனப் பெட்டி, சரி. சோற்றுப் பானை, சரி. மாவு அரைக்கும் கிரைண்டர், "டப்". அன்று சாயங்காலம் இட்லிக்கு அரைத்துவிட்டுக் கழுவும்போது அடியில் மோட்டார்ப் பக்கம் தண்ணீர் போயிருக்கிறது. மொத்தம் ஏழெட்டு நிமிடம். (கருகிய வாடை வந்தாலோ, பிளக்குப் பெட்டி ஈரமாக இருந்தாலோ இந்த விளையாட்டே வேண்டாம். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள்.)

அங்கே எனக்கு அவர்களைவிட அதிகம் தெரிந்திருந்தது உண்மைதான். ஆனால் அந்த அறிவு தேவைப்படவே இல்லை. கிரைண்டருக்குள் என்ன நடந்தது என்று யோசிக்காமலேயே அதைப் பிடித்துவிட்டோம். காரணம் என்ன என்று கேட்கத் தொடங்கினால் ஊகத்துக்கு எல்லை கிடையாது. "இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா" என்று கேட்டால் ஒவ்வொரு பதிலும் வீட்டில் ஒரு பகுதியைச் சந்தேகத்திலிருந்து விடுவித்துவிடுகிறது.

லிப்ட் வேலையில் இதை இன்னும் கூர்மையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு மாடிக் கதவிலும் ஒரு தொடுப்பு இருக்கும். எல்லாம் ஒரே கம்பியில் வரிசையாகக் கோத்திருக்கும். ஒரு கதவு சரியாக மூடாவிட்டாலும் லிப்ட் நகராது. பதினாறு மாடி என்றால் புதிதாக வந்தவன் ஒன்றாம் மாடியிலிருந்து ஏறிக்கொண்டே போவான். என் சீன மேற்பார்வையாளர் தலையில் தட்டி எட்டாம் மாடிக்கு அனுப்பினார். அங்கே மின்சாரம் வருகிறதென்றால் அதுவரை உள்ளவை நல்லவை, கோளாறு மேல்பாதியில். அடுத்து பன்னிரண்டு. இப்படிப் பாதி பாதியாக வெட்டினால் பதினாறு இடங்களுக்கு நான்கே சோதனை. ஆயிரம் இடம் இருந்தாலும் பத்துச் சோதனையில் முடியும். இந்தக் கணக்கை முதன்முதலில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கணக்குப் பாடத்தில் இதை ஏன் யாரும் இப்படிச் சொல்லவில்லை என்று இன்றைக்கும் கோபம் உண்டு.

இந்த முறைக்கும் பிடிபடாத கோளாறுகள் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கசிவு, மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி வழியாக இருந்தால் சிறு விசையை அணைத்த பிறகும் பெரியது விழும். அப்போது பிளக்கையே பிடுங்கிப் பார்க்க வேண்டும். இரண்டு கருவிகளில் சிறு சிறு கசிவு இருந்து, இரண்டும் சேர்ந்தால்தான் விழும் என்ற நிலையும் வரும். இவையெல்லாம் தொழில் நுணுக்கம். பெரிய தடை வேறொன்று. வாழ்க்கையில் பல விஷயங்களை அணைத்துவைத்துப் பார்க்க முடியாது. மாமியாரை ஒரு வாரம் அணைத்துவைத்துப் பிறகு போட்டுப் பார்ப்போம் என்று யாராலும் சொல்ல முடியுமா?

அப்படிப்பட்ட இடங்களுக்கு வேறு சீப்பு வேண்டும்.

என் அண்ணன் மகளுக்கு ஒரு தை மாதத்தில் கல்யாணம் வைத்தார்கள். அண்ணி ஒரு நோட்டுப் புத்தகத்தில் வேலைகளை எழுத ஆரம்பித்தார். நான் பார்த்தபோது 84 வரிகள். மண்டபம், முகூர்த்தம், ஐயர், நாதஸ்வரம், சாப்பாடு, புடவை, பத்திரிகை, ஊரிலிருந்து வருபவர்களுக்குத் தங்குமிடம், தாம்பூலப் பை, மாலை. "மருதாணிக்காரப் பெண்ணுக்கு ஞாபகப்படுத்த" என்றுகூட ஒரு வரி. அண்ணிக்குத் தூக்கம் போய்விட்டது. அண்ணன் வழக்கம்போல, "எல்லாம் நடக்கும்" என்று சொல்லிவிட்டுக் காற்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் அண்ணியும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரே ஒரு கேள்வி எழுதினோம்: "இது முடியாமல் எது தொடங்காது?" தாம்பூலப் பைக்கு, ஒன்றுமில்லை. மாலைக்கு, ஒன்றுமில்லை. மருதாணிக்கு, ஒன்றுமில்லை. மண்டபத்துக்கு வந்தபோது பேனா நிற்கவில்லை. மண்டபம் உறுதியாகாமல் நேரம் உறுதியில்லை. நேரம் இல்லாமல் பத்திரிகை இல்லை. பத்திரிகை இல்லாமல் எத்தனை பேர் என்ற கணக்கு இல்லை, அது இல்லாமல் சாப்பாடு இல்லை. மார்கழி முழுவதும் நம்மவர்கள் கல்யாணம் வைப்பதில்லை, அதனால் தையில் எல்லாரும் ஒரே மண்டபங்களுக்கு மோதுகிறார்கள். எண்பத்துநான்கு வரிகளில் மற்றவற்றைப் பிடித்து நிறுத்தியவை நான்குதான்: மண்டபம், முகூர்த்தம், ஐயர், விருந்தினர் எண்ணிக்கை. அந்த நான்கையும் ஒரு தனித்தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டிமேல் ஒட்டினோம். மற்ற எண்பதும் நோட்டிலேயே இருந்தன, காணாமல் போகவில்லை. ஆனால் அண்ணி அன்றிரவு தூங்கினார்.

இதில் எந்த வேலையும் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். எண்பத்துநான்கும் செய்யத்தான் வேண்டியிருந்தது. தலைக்குள் ஒரே நேரத்தில் பிடித்துவைத்திருக்க வேண்டியது மட்டும் நான்காகக் குறைந்தது. மனிதத் தலை ஒரு சமயத்தில் கையாளுவது ஏறக்குறைய ஏழு துண்டுகள் என்று 1956-இல் ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதையும் குறைத்து நான்கு என்கிறார்கள். என்னைக் கேட்டால், வேலை முடிந்து ஈசூன்வரை எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே வருபவருக்கு இரண்டு.

எழுதும் விதமும் பாதி வேலையைச் செய்துவிடும். நான் பார்க்கும் கட்டடம் ஒன்றில், குளிர்சாதனம் சரியில்லை என்று புகார்கள் மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தன. தேதிவாரியாகப் பதிவு இருந்தது. படித்துப் படித்து ஒன்றும் பிடிபடவில்லை. ஒருநாள் அதே புகார்களை மாடிப் படத்தில் புள்ளிகளாக வைத்தேன். அத்தனையும் மேற்குக் கண்ணாடிச் சுவரை ஒட்டி இருந்தன. நேரத்தைப் பார்த்தால் மூன்று மணிக்கு மேல். இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை, வெயில்தான். திரைச்சீலை போட்டதும் புகார் நின்றது. சிங்கப்பூரின் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டையும் நான் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். 1995-இல் வந்தது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு எண். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய வீடு என்றால் பெரும்பாலும் கடைசி மூன்று இலக்கம் புளோக் எண்ணாகவே இருக்கும். முகவரியைப் பக்கம் பக்கமாக விளக்கிய ஊரிலிருந்து வந்தவனுக்கு, ஒரு எண்ணைச் சொன்னதும் டாக்சி வாசலில் வந்து நிற்பது முதல் சில மாதங்களுக்கு மாயம் போல இருந்தது.

இனி கேள்வியையே மாற்றுவது. இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளும்.

1960-க்கு முன் இங்கே வீடு கட்டும் பொறுப்பு சிங்கப்பூர் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்ற அமைப்பிடம் இருந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகளில் அது கட்டியது ஏறக்குறைய 23,000 வீடுகள். 1960 பிப்ரவரியில் வீவக தொடங்கியது, லிம் கிம் சான் தலைவர். முதல் ஐந்து ஆண்டுகளில் 50,000-க்கு மேல் கட்டினார்கள். "நல்ல வீடு எப்படி இருக்க வேண்டும்" என்று கேட்டுக்கொண்டிருந்தால் இது நடந்திருக்காது. "கம்பம் எனும் குடிசைக் கிராமங்களிலும் நெருக்கடியான கடைவீடுகளிலும் இருப்பவர்களுக்குத் தண்ணீரும் விளக்கும் உள்ள கூரை எவ்வளவு சீக்கிரம் கிடைக்கும்" என்பது வேறு கேள்வி. அதற்கான விடை, ஒரே மாதிரியான எளிய அறைகள், ஒரே மாதிரியான நீண்ட புளோக்குகள், திரும்பத் திரும்ப. அழகில்லை என்று குறை சொன்னவர்கள் உண்டு, அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. அழகு பின்னால் வந்தது. முதலில் அழகைக் கேட்டிருந்தால் இரண்டும் வந்திருக்காது.

இன்னோர் உதாரணம், சாலை நெரிசல். நகர மையத்துக்குள் கார்கள் குவிவதைத் தடுக்க வேண்டும். இன்று நாம் பார்க்கும் மின்னியல் சாலைக் கட்டணம் வந்தது 1998-இல்தான். அந்தத் தொழில்நுட்பம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. 1975 ஜூன் 2 அன்று தொடங்கிய வட்டார உரிமத் திட்டத்தில் என்ன இருந்தது தெரியுமா? ஒரு தாள். மூன்று வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து அன்றைக்கான உரிமச் சீட்டை வாங்கிக் கார்க் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். நுழைவாயில்களில் சீருடை அணிந்தவர்கள் நின்று கண்ணால் பார்ப்பார்கள். நான்கு பேரோ அதற்கு மேலோ இருந்தால் காருக்குச் சீட்டு வேண்டாம். காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை. அவ்வளவுதான். காலை நேரத்தில் மையத்துக்குள் நுழையும் வாகனங்கள் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் குறைந்தன.

உடனே இன்னொன்றும் நடந்தது. கார்க்காரர்கள் ஒன்பதரை ஆகட்டும் என்று காத்திருந்து ஒரேயடியாக நுழைந்தார்கள், சிக்கு கொஞ்சம் கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டது. சில வாரங்களிலேயே நேரத்தைப் பத்தேகால்வரை நீட்டினார்கள். தாள் என்பதால் நீட்டுவது சுலபம். கம்பியும் கணினியும் போட்டுப் பல ஆண்டு செலவழித்த பிறகு இப்படி ஒரு ஓட்டை தெரிந்திருந்தால் மாற்ற எத்தனை கூட்டம் நடத்த வேண்டியிருக்கும்! முதலில் கையால் செய்து பார்ப்பதில் இந்த ஒரு லாபம் இருக்கிறது, சிக்கு எங்கே நகரும் என்பது மலிவாகத் தெரிந்துவிடும். எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு தலைவலிக்கும் ஒரு செயலி வாங்கச் சொல்லும் இளைஞர்களிடம் நான் சொல்வது, முதல் மாதம் வெள்ளைப் பலகையில் நடத்திக் காட்டுங்கள், பிறகு வாங்கலாம்.

செயலி என்றதும் நினைவுக்கு வருகிறது. சிக்கல் வந்தால் நமக்கு எதையாவது சேர்க்கத்தான் தோன்றும். 2021-இல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். லெகோ கட்டைகளால் ஆன ஒரு சிறு கூரை, மூலையில் ஒரே ஒரு கட்டைமேல் நிற்கிறது. அது சரியாமல் கனம் தாங்கும்படி செய்ய வேண்டும். கட்டை சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் பத்துக் காசு பிடிப்பார்கள். அந்த ஒற்றைக் கட்டையை எடுத்துவிட்டாலே கூரை கீழே படிந்து உறுதியாகிவிடும், செலவும் இல்லை. ஆனாலும் பலர் காசு கொடுத்துக் கட்டை சேர்த்தார்கள். எடுப்பதற்குக் காசு இல்லை என்று முன்கூட்டியே நினைவூட்டியபோது எடுத்தவர்கள் கூடினார்கள். ஆக, எடுக்கலாம் என்பது நம் நினைவுக்கே வருவதில்லை, யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் தினசரிச் சோதனைப் படிவத்தில் 23 கட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் என்றோ ஒருநாள் ஏதோ ஒரு தவறு நடந்த பிறகு யாரோ சேர்த்தது. சேர்த்தவர்கள் எல்லாரும் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்கள். இப்போது ஒன்பது கட்டங்கள்.

ஆனால் எடுப்பதில் எனக்கு ஒரு பயமும் உண்டு. மின்பலகையில் வேலை செய்யும்போது, வேலை செய்யும் ஒவ்வொருவரும் விசையில் தன் சொந்தப் பூட்டை மாட்டி, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆறு பேர் என்றால் ஆறு பூட்டுகள் கொத்தாகத் தொங்கும். புதிதாக வந்த ஒரு மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, எதற்கு இத்தனை, மேற்பார்வையாளர் ஒரு பூட்டுப் போட்டால் போதாதா, எளிமைப்படுத்துங்கள் என்றார். ஒரு பூட்டு என்றால், திறப்பதற்கு முன் மற்ற ஐவரும் வெளியே வந்துவிட்டார்களா என்று ஒருவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டவருக்குத் தப்பாகக் கேட்கலாம். ஒருவர் கழிப்பறையிலிருந்து திரும்பி உள்ளே போயிருக்கலாம். ஆறு பூட்டு என்றால் யாரையும் எதையும் கேட்கவேண்டியதில்லை. கடைசிப் பூட்டு கழன்றால் ஆள் இல்லை. பார்வைக்குக் குழப்பம், வேலையில் அதைவிட எளிது எதுவும் இல்லை. அன்றைய டூல்பாக்ஸ் மீட்டிங்கில் (வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம்) திருச்சிக்காரத் தம்பி ஒருவன் இதை அந்த மேலாளருக்கு அழகாக விளக்கினான், என்னால் அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க முடியாது. அதனால் எதை எடுப்பதற்கு முன்பும் இதை யார், எந்த நாளில், எதற்கு வைத்தார்கள் என்று ஒருவரிடமாவது கேட்டுவிடுவேன். பதில் கிடைக்காவிட்டால் ஒரு மாதம் நிறுத்திப் பார்ப்பேன். உயிர் சம்பந்தப்பட்டது என்றால் அதுவும் கிடையாது.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம்.

பணிநேரப் பட்டியலை முதலில் எடுத்துவிடுகிறேன், அதுதான் லேசானது. பதினொரு பேருக்கு நானும் போட்டிருக்கிறேன். பட்டியல் போடுவதில் தவறு இருக்காது, போட்ட பிறகு கலைவதில் இருக்கும். சென்ற எட்டு வாரப் பட்டியலை எடுத்து, மாறிய ஒவ்வொரு இடத்திலும் யார், எப்போது, எதற்காக என்று எழுதுங்கள். எனக்கு நடந்தது இது: மாற்றங்களில் பெரும்பகுதி இரண்டே பேரிடமிருந்தும், ஞாயிறு இரவு வரும் வாட்ஸ்அப் செய்திகளிலிருந்தும் வந்தது. வியாழன் மாலைக்குப் பிறகு இடம் மாற்றவேண்டுமானால் மாற்றாளை நீங்களே பிடித்துக்கொண்டு வாருங்கள் என்று ஒரு விதி போட்டேன். அந்த இருவரில் ஒருவருக்குக் குழந்தையைப் பள்ளியில் விடும் பிரச்சினை, அவரை நிரந்தரமாகப் பிற்பகலுக்கு மாற்றியதோடு சரி. உங்கள் கிடங்கில் கதை வேறாக இருக்கலாம், ஆனால் எட்டு வாரத் தாள் சொல்லிவிடும்.

மருத்துவம். அம்மாவின் மாத்திரைகள் எல்லாவற்றையும் பெட்டியோடு ஒரு பையில் போட்டு, அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது மருந்தாளரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், நேரம் மாற்றாதீர்கள். ஒரே வேளையில் கொடுக்கக்கூடியவை எவை, இரண்டு இடத்திலிருந்து இரட்டித்து வந்தவை உண்டா என்று மட்டும் கேளுங்கள். 2023 ஜூலையில் வந்த ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் நாற்பது வயது தாண்டியவர்கள் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளலாம். மூன்று இடத்துத் தகவலையும் ஒருவர் சேர்த்துப் பார்ப்பதில் பாதிச் சுமை இறங்கும். எந்த மருத்துவர் என்று இன்றைக்கே தேடிப் பதிந்துவிடாதீர்கள், அதற்கும் காரணம் இருக்கிறது.

வீடு. சாவி வந்தபின் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். குறைபாடுகளைச் சொல்லிச் சரிசெய்துகொள்ள ஓராண்டு. உள்வேலைக்கு அனுமதி வாங்கிய நாளிலிருந்து புது வீட்டுக்கு மூன்று மாதம், வீவக பட்டியலில் உள்ள ஒப்பந்தக்காரர் மட்டுமே செய்யலாம். சாவி வரும் தேதி உங்கள் கையில் இல்லை. ஆக, இன்று நீங்கள் முடிவு செய்யக்கூடியது வீட்டின் உள்ளமைப்பு ஒன்றுதான். அதைத்தான் தினமும் பேசியும் முடிக்க முடியவில்லை என்கிறீர்கள். ஏன்?

அண்ணியின் கேள்வியை இங்கே திருப்பிப் போட்டுப் பாருங்கள். எது முடியாமல் இது தொடங்காது? குளியலறையில் பிடிகம்பி வேண்டுமா, தரை வழுக்காத ஓடா, சாதாரண ஓடா, எந்த அறை யாருக்கு, கதவு அகலம் போதுமா, இவை எல்லாம் அம்மா தெங்காவுக்கு வருகிறாரா, ஈசூனிலேயே இருக்கிறாரா என்பதில் தொங்குகின்றன. குடும்ப மருத்துவர் ஈசூனிலா தெங்காவிலா என்பதும் அதில்தான். நீங்கள் இரவுப் பணியை ஏற்கலாமா கூடாதா, அம்மாவோடு மருத்துவமனைக்குப் போகும் நாட்களில் யார் விடுப்பு எடுப்பது, அதனால் பட்டியலில் உங்கள் பெயர் எங்கே வரும், எல்லாமே அங்கே போய் முட்டுகின்றன. மூன்று சிக்கல்கள் என்று எழுதியிருந்தீர்கள். பணிநேரப் பட்டியலில் ஒரு பகுதியை ஒதுக்கிவிட்டால், எனக்கு ஒரே முடிச்சுதான் தெரிகிறது. உச்சந்தலையில் சீப்பை வைத்து இழுக்கிறீர்கள் என்று முதலில் சொன்னது இதைத்தான்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மனைவியோடு பேசியது இருக்கிறது, ஒப்பந்தக்காரர்களிடம் விலை கேட்டது இருக்கிறது, மருத்துவமனைத் தேதிகள் இருக்கின்றன. அம்மா எங்கே இருக்க விரும்புகிறார் என்று அவரிடம் கேட்டதாக ஒரு வரி இல்லை. கேட்டால் என்ன சொல்வாரோ என்ற பயம் இருக்கலாம். வருகிறேன் என்றால் ஒரு பாடு, வரமாட்டேன் என்றால் இன்னொரு பாடு. ஈசூனில் அவருக்குப் பழகிய சந்தை, கீழ்த்தளத்தில் பேச்சுத் துணைக்கு நான்கு பேர், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும் பஸ் எல்லாம் இருக்கும். தெங்காவில் மகன் இருப்பான். அவர் மனத்தில் ஏற்கெனவே ஒரு முடிவு இருந்து, நீங்கள் கேட்காததால் சொல்லாமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு.

முதலில் மனைவியிடம் சொல்லிவிட்டுக் கேளுங்கள், இருவரும் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. ஷிப்ட் இல்லாத ஒரு மாலை, அம்மா டீ போட்டுக் கொடுக்கும் நேரம். வீட்டின் வரைபடத்தையும் விலைப்பட்டியலையும் அன்றைக்கு மேசைமேல் வைக்காதீர்கள்.